பெட்டியைத் தள்ளுவதா, இழுப்பதா? விசை, மோதல் கணக்குகளுக்குப் புதிதாக வருவோருக்கு

பிளஸ் ஒன் இயற்பியலில் மூன்றாவது அலகு ‘இயக்க விதிகள்’. அதற்கு அடுத்தது வேலை, ஆற்றல், திறன். மோதல்கள் அந்த அலகின் கடைசியில் வருகின்றன. காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் சாயங்காலம் பாடம் கேட்க வரும் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இரண்டு இடத்தில்தான். நியூட்டனின் மூன்று விதிகளையும் பிசகாமல் ஒப்பிப்பார்கள். கணக்கைக் கையில் கொடுத்ததும் பேனா நகராது. “எந்த ஃபார்முலா சார் போடணும்?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். விசைக் கணக்கில் முதலில் கேட்க வேண்டியது, “இது யாருடைய கணக்கு?” என்பது. எந்தப் பொருளைப் பற்றிக் கேட்கிறார்கள், அதை யார் யார் தொடுகிறார்கள், எந்தப் பக்கம் தள்ளுகிறார்கள் அல்லது இழுக்கிறார்கள்? இவை தெரிந்துவிட்டால் ஃபார்முலா தானாக வந்து உட்காரும். மோதல் கணக்கில் கேள்வி கொஞ்சம் மாறும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டியை மட்டும் வரையுங்கள்

வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தபோது நடந்தது இது. இரண்டாம் கட்டு அறையில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று, நிறைய பித்தளைச் சாமானோடு. அதை நகர்த்தினால்தான் சுவரில் கை வைக்க முடியும். இரண்டு பையன்கள் குனிந்து, கையைச் சாய்த்து ஊன்றித் தள்ளினார்கள். அசையவில்லை. வேலைக்கு வந்த பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “தள்ளாதீங்க தம்பி. வளையத்துல கயித்தைக் கட்டி, லேசாத் தூக்கினாப்ல இழுங்க” என்றார். இழுத்தார்கள், வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அதையே கணக்காகப் போட்டோம். அதே பெட்டியை வைத்து உங்களுக்கும் சொல்கிறேன்.

பெட்டியின் நிறை 40 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். தரை ஆத்தங்குடிக் கல். சிமென்ட், மணல், வண்ணக் கலவையைக் கண்ணாடித் தட்டின் மேல் ஊற்றி வார்ப்பதால் அதன் முகம் வழவழவென்று இருக்கும். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் (நகராதபோது உராய்வின் உச்சம், தரை தாங்கும் விசையில் எத்தனை பங்கு) 0.4, இயக்க உராய்வுக் குணகம் (நகரும்போது உராய்வு எத்தனை பங்கு) 0.3 என்று கணக்குக்காக எடுத்துக்கொள்கிறேன். புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 10 போதும்.

தாளில் பெட்டியை மட்டும் ஒரு சிறு கட்டமாக வரையுங்கள். தரை, சுவர், பையன் எதுவும் வேண்டாம். இதைத்தான் பாடப்புத்தகம் தனித்த பொருள் விசைப்படம் என்கிறது. இப்போது அந்தக் கட்டத்துக்கு அம்புக்குறி போட வேண்டும். தொடாமலே இழுப்பது பூமி மட்டும்தான். அதற்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு, 400 நியூட்டன். மற்ற விசையெல்லாம் தொடுகிற பொருளிடமிருந்துதான் வரும். தரை தொடுகிறது; அது இரண்டு விதமாக வேலை செய்கிறது. மேல்நோக்கித் தாங்குவது செங்குத்து விசை, நழுவலைத் தடுப்பது உராய்வு. கை தொட்டால் கையின் விசை, கயிறு கட்டியிருந்தால் கயிற்றின் இழுவிசை. அவ்வளவுதான்.

பிள்ளைகள் தவறாமல் ஓர் அம்பு கூடுதலாகப் போடுவார்கள். பெட்டி நகர்கிறது என்றால் நகரும் பக்கமாக ‘வேகத்தின் விசை’ என்று ஒன்று. அப்படி ஒரு விசை கிடையாது. கேரம் ஸ்ட்ரைக்கரை நினைத்துப் பாருங்கள். விரல் சுண்டியபோது விசை இருந்தது. விரலை விட்டுப் போன பிறகு பலகையில் வழுக்கி ஓடுகிறதே, அப்போது அதைத் தொடுவது பலகை மட்டும்தான். மேல்நோக்கித் தாங்குகிறது, பின்னோக்கி உரசுகிறது. முன்னோக்கித் தள்ள ஆளே இல்லை. இருந்தும் ஓடுகிறது என்றால், ஓடுவதற்கு விசை தேவையில்லை, ஓட்டத்தை மாற்றத்தான் விசை தேவை என்று பொருள். ஒவ்வோர் அம்புக்கும் “இதை யார் கொடுத்தது?” என்று கேளுங்கள். பதில் சொல்ல ஒரு பொருளின் பெயர் கிடைக்காவிட்டால் அந்த அம்பை அழித்துவிடுங்கள்.

அடுத்து அச்சு. தரைக் கல்லின் இணைப்புக்கோடுகள் கட்டம் போட்ட தாள் மாதிரிதான். பெட்டி போகும் பக்கம் ஓர் அச்சு, அதற்குச் செங்குத்தாக மேல்நோக்கி ஓர் அச்சு. எந்தப் பக்கம் கூட்டல் குறி என்பதை அம்பு போட்டு எழுதிவைத்துக்கொண்டு, கணக்கு முடியும் வரை மாற்றாமல் இருங்கள்.

உராய்வு கேட்ட அளவுக்குத்தான் கொடுக்கும்

முதலில் கிடைமட்டமாக 120 நியூட்டன் விசையில் தள்ளுகிறோம். மேலும் கீழும் சமம், ஆகவே செங்குத்து விசை 400. ஓய்வுநிலை உராய்வின் உச்சம் 0.4 × 400 = 160 நியூட்டன். தள்ளுவது அதைவிடக் குறைவு, பெட்டி நகராது. இப்போது உராய்வு எவ்வளவு? பலரும் 160 என்று எழுதுவார்கள். 160 என்றால் பெட்டி தள்ளுகிறவரை நோக்கி 40 நியூட்டனால் திரும்பி வர வேண்டுமே! விடை 120. உச்சம் என்பது தரையால் எவ்வளவு முடியும் என்பதன் எல்லை. அந்த எல்லைக்குள் நாம் எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவுதான் எதிர்க்கும்.

200 நியூட்டனில் தள்ளினால் எல்லை தாண்டிவிடுகிறது. நகரத் தொடங்கியதும் இயக்க உராய்வு, 0.3 × 400 = 120. மிச்சம் 80 நியூட்டன். 80 ÷ 40, முடுக்கம் 2 மீ/வி².

இப்போது பெரியவர் சொன்னதற்கு வருவோம். அதே 200 நியூட்டன். கயிறு கிடைமட்டத்துக்கு 30° மேல்நோக்கி இருக்கிறது. கிடைமட்டக் கூறு 200 × காஸ் 30° = 173. மேல்நோக்கிய கூறு 200 × சைன் 30° = 100. கயிறு 100 நியூட்டனைத் தூக்கிக்கொண்டதால் தரைக்குத் தாங்க மிச்சம் 300தான். ஓய்வுநிலை உராய்வின் உச்சம் 0.4 × 300 = 120. இழுப்பு 173. பெட்டி நகர்கிறது. நகரும்போது உராய்வு 90, மிச்சம் 83, முடுக்கம் 2.1க்குக் கொஞ்சம் குறைவு.

பையன்கள் செய்தது என்ன? குனிந்து, 30° கீழ்நோக்கிச் சாய்த்து அதே 200 நியூட்டனில் தள்ளினார்கள். கிடைமட்டக் கூறு அதே 173. ஆனால் கை பெட்டியைத் தரையோடு 100 நியூட்டனால் அமுக்குகிறது. செங்குத்து விசை 500. உராய்வின் உச்சம் 0.4 × 500 = 200. 173ஆல் அதைத் தாண்ட முடியாது. அதே பெட்டி, அதே தரை, அதே பலம். ஒரு பக்கம் நகர்கிறது, இன்னொரு பக்கம் இம்மியும் அசையவில்லை.

இந்த ஒரு கணக்கை மூன்று முறையாவது படம் வரைந்து போடுங்கள். ‘செங்குத்து விசை என்றால் நிறை × புவியீர்ப்பு முடுக்கம்’ என்று மனப்பாடமாக எழுதும் பழக்கம் இதில்தான் உடையும். செங்குத்து விசைக்கு நிலையான சூத்திரம் கிடையாது. செங்குத்து அச்சில் எல்லா அம்பையும் கூட்டி, அங்கே முடுக்கம் இல்லை என்றால் சுழி என்று சமன் செய்து, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

சாய்தளத்துக்கும் இதே வழிதான். பெட்டியைக் குட்டியானையில் ஏற்றப் பலகை சாய்த்தால் அச்சையும் பலகையோடு சேர்த்துச் சாய்த்துவிடுங்கள். 30° என்றால் எடை 400இல் பலகை வழியாகக் கீழே இழுப்பது 200, பலகையை அழுத்துவது 346. கோணம் சிறிதாகச் சிறிதாகக் கீழே இழுக்கும் கூறும் சிறிதாக வேண்டும், அது சைன். எதில் சைன், எதில் காஸ் என்று குழம்பினால், கோணம் 0° ஆனால் என்ன ஆகும் என்று யோசித்தால் தெரிந்துவிடும். உராய்வின் திசையை மட்டும் கவனியுங்கள்: மேலே தள்ளும்போது உராய்வு கீழ்நோக்கி, தானாக நழுவும்போது மேல்நோக்கி.

கிணற்றுக் கயிறு பற்றிச் சுருக்கமாக. தண்ணீரோடு வாளி 12 கிலோகிராம். சகடையில் சீரான வேகத்தில் இழுத்தால் இழுவிசை 120. மேல்நோக்கி 0.5 முடுக்கத்தோடு இழுத்தால் 12 × 10.5 = 126. கீழ்நோக்கி 2 முடுக்கத்தோடு இறக்கினால் 12 × 8 = 96. இழுவிசையும் எடையும் எப்போதும் சமம் இல்லை; முடுக்கம் சுழியாக இருக்கும்போது மட்டும் சமம்.

தேரும் வடமும்

மூன்றாம் விதியில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். வரவேண்டும், வராவிட்டால்தான் கவலை. ஊர்த் திருவிழாவில் தேர் வடம் பிடிக்கிறோம். நாம் தேரை எவ்வளவு இழுக்கிறோமோ அதே அளவு தேரும் நம்மை இழுக்கிறது. இரண்டும் சமம், எதிரெதிர். அப்படியானால் ஒன்றையொன்று அடித்துப்போய்த் தேர் நிலையிலேயே நிற்க வேண்டாமா?

இங்கேயும் அதே கேள்விதான்: யாருடைய கணக்கு? தேரின் கணக்கு என்றால் தேரை மட்டும் வரையுங்கள். வடம் முன்னோக்கி இழுக்கிறது, சக்கரத்தடியில் தரை பின்னோக்கி எதிர்க்கிறது. முதலாவது பெரிதானால் தேர் நகரும். தேர் நம்மை இழுக்கிற விசை இந்தப் படத்தில் வரவே கூடாது, அது நம் மேல் செயல்படுவது. நம்மை வரைந்தால்தான் அது வரும்: தேர் பின்னோக்கி இழுக்கிறது, நாம் காலால் தரையைப் பின்னுக்கு உதைப்பதால் தரை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. மணல் தெருவில் கால் வழுக்கினால் எத்தனை பேர் பிடித்தாலும் தேர் வராது என்பது வடம் பிடித்த எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் விதியின் ஜோடி விசைகள் ஒருபோதும் ஒரே பொருளின் படத்தில் வராது. வந்தால் படம் தவறு.

மோதல்: முன், பின் என்று இரண்டு படம்

மோதல் கணக்கில் நடுவில் நடக்கும் விசை நமக்குத் தெரியாது. நொடியில் சிறு பங்குக்குள் ஏறி இறங்கிவிடும். ஆகவே அதைத் துரத்த வேண்டாம். மோதும் இரண்டு பொருளையும் சேர்த்து ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் ஒன்று மற்றொன்றுக்குக் கொடுக்கும் விசையும் திரும்ப வாங்கும் விசையும் மூன்றாம் விதிப்படி கழிந்துவிடும். வெளியிலிருந்து வரும் விசை, மோதுகிற அந்தச் சிறு நேரத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு என்றால் மொத்த உந்தம் (நிறை × திசைவேகம்) மாறாது. தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் ‘முன்’, வலப்பக்கம் ‘பின்’ என்று எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் நிறையும் குறியோடு திசைவேகமும் போடுங்கள்.

குறி என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 0.2 கிலோகிராம் பந்து சுவரில் 5 மீ/வி வேகத்தில் மோதி 4 மீ/வி வேகத்தில் திரும்புகிறது. உந்த மாற்றம் எவ்வளவு? 5இலிருந்து 4ஐக் கழித்து 0.2 என்று எழுதுவது வழக்கமான பிழை. சுவரை நோக்கிக் கூட்டல் குறி என்றால் திரும்பும் வேகம் −4. மாற்றத்தின் அளவு 0.2 × 9 = 1.8. ஒன்பது மடங்கு வித்தியாசம், ஒரு கழித்தல் குறியால். தொட்டிருந்த நேரம் 0.02 விநாடி என்றால் சராசரி விசை 1.8 ÷ 0.02 = 90 நியூட்டன்.

இப்போது கேரம் பலகை. ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம். ஸ்ட்ரைக்கர் 2 மீ/வி வேகத்தில் வந்து நிற்கும் காயின் நடுவில் நேராக அடிக்கிறது. மீட்சி மோதல், அதாவது மொத்த இயக்க ஆற்றல் குறையாத மோதல் என்று எடுத்துக்கொள்வோம்.

உந்தம் முன்னால்: 15 × 2 = 30. இதிலிருந்து ஒரு சமன்பாடுதான் கிடைக்கும், தெரியாதவை இரண்டு. இரண்டாவது சமன்பாட்டுக்குப் பலரும் இயக்க ஆற்றலை எழுதி வர்க்கங்களில் சிக்கிக்கொள்கிறார்கள். அதைவிட நல்ல வழி உண்டு. மீட்சி மோதலில் நெருங்கி வந்த வேகமும் விலகிப் போகும் வேகமும் சமம். நெருங்கியது 2, ஆகவே காய் ஸ்ட்ரைக்கரைவிட 2 அதிகமாகப் போகும். ஸ்ட்ரைக்கரின் வேகத்தைத் தெரியாதது என்று வைத்தால், அதன் 15 மடங்கும், 2 கூட்டிய வேகத்தின் 5 மடங்கும் சேர்ந்து 30. அதாவது 20 மடங்கு + 10 = 30. ஸ்ட்ரைக்கர் 1 மீ/வி, காய் 3 மீ/வி. சரிபாருங்கள்: உந்தம் 15 + 15 = 30. இயக்க ஆற்றல் முன்னால் 30 மில்லிஜூல், பின்னால் 7.5 + 22.5 = 30. கணக்கு நிற்கிறது.

இதைவிட அழகான வழியும் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் மோதலைப் பற்றி யோசித்தபோது, கால்வாயில் சீராகப் போகும் படகில் ஒருவர் நின்றுகொண்டு பந்துகளை மோதவிடுகிறார், கரையில் இன்னொருவர் நின்று அதையே பார்க்கிறார் என்று கற்பனை செய்தார். மோதல் ஒன்றுதான், பார்க்கும் இடம் வேறு. நாமும் அதைச் செய்வோம். மொத்த உந்தம் 30, மொத்த நிறை 20. 30 ÷ 20 = 1.5. இந்த 1.5 மீ/வி வேகத்தில் ஸ்ட்ரைக்கரோடு கூடவே போகும் படகில் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து ஸ்ட்ரைக்கர் +0.5, காய் −1.5. மீட்சி மோதல் என்றால் இரண்டும் வந்த வேகத்திலேயே திரும்பும்: −0.5, +1.5. கரைக்கு இறங்கி 1.5ஐக் கூட்டுங்கள்: 1, 3. முடிந்தது.

முழு மீட்சி இல்லை, மீட்சிக் குணகம் (விலகும் வேகம் ÷ நெருங்கிய வேகம்) 0.8 என்றாலும் பயமில்லை. படகில் திரும்பும் வேகத்தை 0.8ஆல் பெருக்கினால் −0.4, +1.2. கரையில் 1.1, 2.7. உந்தம் 16.5 + 13.5 = 30, மாறவில்லை. இயக்க ஆற்றல் 27.3 மில்லிஜூல். 2.7 மில்லிஜூல் சத்தமாகவும் வெப்பமாகவும் போய்விட்டது. குணகம் சுழி என்றால் படகில் இரண்டும் நின்றுவிடும், அதாவது கரையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு 1.5 வேகத்தில் போகும்.

ரயில் பெட்டி இணைப்பது அந்த வகைதான். 20 டன் பெட்டி 3 மீ/வி வேகத்தில் வந்து நிற்கும் 40 டன் பெட்டியோடு கோத்துக்கொண்டால் சேர்ந்து போகும் வேகம் 60 ÷ 60 = 1 மீ/வி. இயக்க ஆற்றல் 90 கிலோஜூலிலிருந்து 30 கிலோஜூலாகிவிடும். சாய்வாக மோதும் கணக்கு வந்தால் இரண்டு அச்சுக்கும் தனித்தனியாக உந்தம் எழுதுங்கள். புதிதாக வேறு விதி எதுவும் இல்லை.

இரண்டும் சேர்ந்து வரும் கணக்கு

பரீட்சையில் மதிப்பெண் அதிகம் போகும் இடம் இதுதான். 1.5 கிலோகிராம் மரப்பெட்டி தரையில் நிற்கிறது. அரை கிலோகிராம் களிமண் உருண்டை 6 மீ/வி வேகத்தில் கிடைமட்டமாக வந்து அதில் ஒட்டிக்கொள்கிறது. இயக்க உராய்வுக் குணகம் 0.3. எவ்வளவு தூரம் வழுக்கி நிற்கும்?

ஒரு மாணவி வேகமாகப் போட்டுக் காட்டினாள். “உருண்டையோட ஆற்றல் 9 ஜூல், உராய்வு 6 நியூட்டன், அப்ப ஒன்றரை மீட்டர் சார்.” நோட்டில் கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. ஆனால் ஒட்டிக்கொண்ட அந்த நொடியில் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. “களிமண் நசுங்குச்சே, அதுக்கு ஆற்றலை யாரும்மா குடுத்தா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவளே அடித்துவிட்டுத் தாளை இரண்டாக மடித்தாள்.

கணக்கை வெட்டிப் பிரிக்க வேண்டும். முதல் துண்டு மோதல்: உந்தம் மட்டும். 0.5 × 6 = 3, சேர்ந்த நிறை 2, வேகம் 1.5 மீ/வி. இந்தச் சிறு நேரத்தில் உராய்வைக் கண்டுகொள்ள வேண்டாம். இரண்டாம் துண்டு வழுக்கல்: இப்போது மோதலை மறந்துவிட்டு விசைப்படம். உராய்வு 6, நிறை 2, வேகம் குறைவது 3 மீ/வி². தூரம் = 1.5இன் வர்க்கம் 2.25, அதை 2 × 3ஆல் வகுத்தால் 0.375 மீட்டர், அதாவது 37.5 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டரில் கால் பங்கு. மிச்ச முக்கால் பங்கு ஆற்றல் களிமண் நசுங்கியதில் போயிற்று.

மோதும் நொடிக்கு உந்தம். அதற்கு முன்னும் பின்னும் விசை அல்லது ஆற்றல். கணக்கைப் படித்தவுடன் எங்கே மோதல், எங்கே வழுக்கல் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு ரப்பர் பந்து, ஓர் அளவுகோல், பிடிக்க ஒரு ஆள். சுவரில் 1 மீட்டர் உயரத்தைக் குறித்து அங்கிருந்து பந்தை விடுங்கள். எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுங்கள். எழும்பிய உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் மீட்சிக் குணகம். 64 சென்டிமீட்டர் எழும்பினால் 0.8. அப்படியானால் அதே பந்து தரையில் இரண்டாவது முறை பட்டதும் 41 சென்டிமீட்டர் அளவுக்கு எழும்ப வேண்டும். எழும்புகிறதா என்று பாருங்கள். கல்தரையில் ஒரு முறை, வாசல் செம்மண்ணில் ஒரு முறை செய்து இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பந்தை விரலிலிருந்து விடத்தான் வேண்டும். கீழே தள்ளினால் தொடக்க வேகம் சுழியாக இருக்காது, இந்த வர்க்கமூலம் செல்லாது.